நடு வீட்டு அடுப்புக்கு ஒரு புகைபோக்கி

சமையல் கமகமவென்று மணந்தால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சந்தோஷம். மிளகாய் வற்றல் தாளிக்கும் நெடி கூடத்துக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் தும்மல். "கதவைச் சாத்து!" என்று ஒரு குரல் கேட்கும். கதவும் சாத்தப்படும். ஆனால் சாத்திய கதவுக்கு உள்ளே, அந்த நெடிக்கு நடுவிலேயே நிற்கிறவரைப் பற்றி யாராவது யோசிக்கிறார்களா? இந்த வாரம் அவரைப் பற்றித்தான், அதாவது உங்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

"விறகடுப்பை விட்டுக் காஸ் அடுப்புக்கு வந்தாயிற்றே, இன்னும் என்ன புகை?" என்று நீங்கள் கேட்கலாம். கரிப்புகை போய்விட்டது உண்மைதான். எண்ணெய்ப் புகை போகவில்லையே! நன்றாகக் காய்ந்த எண்ணெயில் வடையும் அப்பளமும் பொரியும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் கிளம்புகின்றன. அதிக சூட்டில் பொரிக்கும்போது எழும் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2010-ல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியிருக்கிறது. விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் வீட்டுக்குள் சேரும் புகையினால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. புகைபோக்கி ஒரு ஆடம்பரச் சாமான் அல்ல என்று தெரிந்துகொள்வதற்காகத்தான்.

ஒரு பழைய பாடம்

நம் நாட்டில் இந்தக் கவலை புதிதல்ல. 1953-லேயே ஹைதராபாத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்ற பொறியியல் நிபுணர், ஏழைகளும் கட்டிக்கொள்ளக் கூடிய புகையில்லாத மண் அடுப்பைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அடுப்போடு குழாயை இணைத்துப் புகையை வெளியே அனுப்புவதுதான் அதன் சூட்சுமம். பிறகு 1980-களில் மத்திய சர்க்கார் நாடெங்கும் மேம்பட்ட அடுப்புகளைப் பரப்பியது. நல்ல காரியந்தான். ஆனால் பல வீடுகளில் குழாயைச் சுத்தம் செய்ய ஆளில்லை. கரி அடைத்துக்கொண்டது, அடுப்பு மூலைக்குப் போயிற்று. வெளியே போக வழியும், வழியைச் சுத்தமாக வைக்க ஏற்பாடும் இல்லாவிட்டால் எந்தப் புகைபோக்கியும் பிரயோஜனப்படாது. இன்று கடையில் பளபளக்கும் சிம்னிக்கும் இதே சட்டந்தான்.

சுவருக்குப் பின்னால் என்ன?

கோவில்பட்டியின் பழைய தெருக்களில் உள்ள வீடுகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். நீளமான வீட்டில் அடுக்களை எங்கோ நடுவில். அடுப்புக்குப் பின்னாலுள்ள சுவரைத் துளைத்தால் ஒருவேளை பூஜை அறை வரும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கூடம் வரும்! இப்படிப்பட்ட உள் சுவரில் சிம்னி மாட்ட வேண்டியவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, குழாயை நேராக மேலே ஏற்றித் தளத்தைத் துளைத்து மொட்டைமாடிக்குக் கொண்டு போவது. மாடி இல்லாத வீட்டுக்கு இதுதான் உத்தமம். சூடான காற்று இயல்பாகவே மேலே போகும். வளைவும் குறைவு. ஆனால் துளையைச் சுற்றி மழைநீர் இறங்காதபடி கொத்தனார் கரை கட்டிப் பூச வேண்டும்.

இரண்டாவது, மேல்தளத்தை ஒட்டிக் குழாயைப் படுக்கையாகக் கொண்டுபோய், வெளியைப் பார்த்த சுவர் வழியாக விடுவது. தூரம் 10, 12 அடிக்குள் இருப்பது நல்லது. குழாய் வெளிப்பக்கமாக லேசாகச் சரிந்திருக்கட்டும். அப்போது ஈரமும் எண்ணெயும் உங்கள் அடுப்பின் மேல் திரும்பி வந்து சொட்டாது.

மூன்றாவது, குழாயே இல்லாத சிம்னி. காற்றைக் கரித்தூள் வடிகட்டியில் செலுத்தி அறைக்குள்ளேயே திருப்பி விடும். "சுவரை உடைக்க வேண்டாமே" என்று வீட்டுக்காரர் உடனே இதற்குச் சம்மதித்துவிடுவார். அவசரப்படாதீர்கள்! அது நெடியைக் கொஞ்சம் குறைக்கும், எண்ணெயைப் பிடிக்கும். அடுப்பின் சூட்டையும், நீராவியையும், எரிந்த காஸின் கழிவுக் காற்றையும் வெளியேற்றாது. கரித்தூளையும் சில மாதங்களுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் கரிசல் பூமி எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டை வீட்டுக்குள்ளேயே சுற்ற விடுவதில் என்ன லாபம்? வாடகை வீடு, சுவரைத் தொடவே முடியாது என்றால், அதோடு ஜன்னலில் ஒரு காற்றாடியும் பொருத்திக்கொள்ளுங்கள்.

நாலாவதாக ஒரு குறுக்கு வழியைச் சிலர் சொல்வார்கள். குழாயைப் பரணுக்குள்ளேயோ பொய்த் தளத்துக்குள்ளேயோ விட்டுவிடலாம் என்பார்கள். வேண்டவே வேண்டாம். அங்கே எண்ணெய் படிந்து கரப்பான் சேரும். ஒரு நாள் தீயும் பிடிக்கலாம்.

கணக்கு ஒன்று போடுவோமா?

கடைக்குப் போகுமுன் அடுக்களையை அளந்துகொள்ளுங்கள். 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 800 கன அடி. அதாவது சுமார் 22½ கன மீட்டர். மணிக்கு 20 தடவை காற்று மாற வேண்டுமானால் 450 கன மீட்டர் இழுத்தால் போதும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணோ குழாயும் வளைவும் சேர்ந்தால் குறைந்துவிடும். நம் தாளிப்பும் சாதாரணமானதல்ல! ஆகையால் அதைப்போல் இரு மடங்கு, 900 முதல் 1000 வரை உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். அதற்கு மேல் போனால் இரைச்சல்தான் மிச்சம்.

இரண்டு பர்னர் அடுப்புக்கு 60 சென்டிமீட்டர் அகலமும், மூன்று நான்கு பர்னர் என்றால் 90 சென்டிமீட்டரும் சரி. அடுப்புக்கு மேலே சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டுவது வழக்கம். கம்பெனி கொடுக்கும் குறிப்பில் எந்த உயரம் சொல்லியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். வடிகட்டியில் கம்பி வலை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வளைந்த தகடுகள் உள்ள வகை நம் எண்ணெய்ச் சமையலுக்கு ஏற்றது, கழுவுவதும் சுலபம்.

குழாயில்தான் இருக்கிறது சூட்சுமம்

சிம்னியின் வாய் 6 அங்குலம் என்றால் குழாயும் கடைசி வரை 6 அங்குலமே இருக்க வேண்டும். "4 அங்குலக் குழாய் கைவசம் இருக்கிறது, அதையே போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 6 அங்குலக் குழாயின் வாய், 4 அங்குலக் குழாயைப்போல் இரண்டே கால் மடங்கு பெரியது. சிறிய குழாயில் மோட்டார் முனகும், புகை நகராது.

உள்ளே வழவழப்பான தகரக் குழாய் சிறந்தது. சுருங்கி விரியும் அலுமினியக் குழாயானால், தொய்வில்லாமல் முழுவதும் இழுத்து நீட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. திரும்பித்தான் ஆக வேண்டுமென்றால் முரட்டுத்தனமான ஒரே திருப்பத்தைவிட மெதுவான இரண்டு திருப்பங்கள் மேல்.

குழாயின் வாய் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும்? கயத்தாற்றுப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளே இதற்குப் பதில் சொல்லும். ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து வீசும் காற்று அவற்றைச் சுற்றுகிறது. மேற்கே வாய் வைத்தால் அந்தக் காற்று புகையை அப்படியே உங்கள் அடுக்களைக்குத் திருப்பிவிடும். கிழக்கே வைத்தால் ஐப்பசி மழைச் சாரல் அடிக்கும். ஆகையால் கிழக்கோ வடக்கோ பார்த்து வைத்து, மேலே மழைத் தொப்பியும், வாயில் தானே மூடிக்கொள்ளும் மடக்குத் தகடும் போடுங்கள். அணிலும் குருவியும்கூட உள்ளே வராது. அடுத்த வீட்டு முற்றத்தில் காயும் வடகத்தின் மேல் உங்கள் எண்ணெய்ப் புகை விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். புகையோடு மனஸ்தாபமும் கிளம்பக் கூடாதல்லவா?

இன்னொன்று. கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் நிற்கும் வீடுகளில் சுவர் விரிசல் சகஜம். விரிசல் ஓடும் இடத்திலும், உத்தரத்திலும், ஜன்னல் மேல் தாங்கியிலும் துளை போட விடாதீர்கள். இடம் குறிக்கும்போது கொத்தனாரோடு நீங்களும் நில்லுங்கள்.

மாட்டியான பிறகு

வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். எல்லாக் கதவையும் சாத்திவிட்டுச் சிம்னியைப் போட்டால் அது எதை இழுக்கும்? அடுப்புக்கு எதிர்ப்புறமுள்ள ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அடுப்பு மூட்டுமுன் சிம்னியைப் போட்டு, அணைத்த பிறகும் 10 நிமிஷம் ஓட விடுங்கள். மோட்டார் 200 வாட் என்றால், தினம் ஒரு மணி நேரத்துக்கு மாதம் 6 யூனிட்தான் ஆகும். கரண்ட் செலவைப் பற்றி வீட்டில் முணுமுணுத்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

வடிகட்டியை மாதத்துக்கு இரண்டு தடவையாவது வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் படிந்த வடிகட்டிக்குக் கீழே வாணலியில் தீப்பற்றினால் அது மேலே தாவிவிடும்.

முக்கியமான எச்சரிக்கை: காஸ் கசிந்த நாற்றம் வந்தால் சிம்னியைப் போடாதீர்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

சுவரில் ஒரு துளை போட இரண்டு நாள் தூசியும் கொஞ்சம் பணமும் செலவாகும். அந்தத் துளை இல்லாமல் வருஷக்கணக்காக மூச்சு விடுகிறவர் நீங்கள். வீட்டில் இந்தப் பேச்சு எழும்போது, எங்கே துளை போடுவது என்பதைத் தீர்மானிக்கிற முதல் உரிமை உங்களுடையதே.