விழாவுக்கு மானியம்: குழு எதைப் பார்க்கிறது?

விருத்தாசலம் என்றால் பலருக்குப் பீங்கான் நினைவுக்கு வரும். வாசகர்களுக்கோ இமையமும் கண்மணி குணசேகரனும். முன்னவர் ‘செல்லாத பணம்’ நாவலுக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். பின்னவர் நடுநாடு எனப்படும் அப்பகுதியின் சொற்களுக்கென்றே அகராதி தொகுத்தவர். அந்த ஊரில் ஒரு வாசகர் வட்டம், நடுநாட்டு வழக்குச் சொற்களை வைத்து இரண்டு நாள் விழா எடுக்க மானியம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் எப்படி மதிப்பிடப்படும்?

முதலில் தகுதி. மத்திய கலாச்சார அமைச்சகம் கருத்தரங்கு, விழா போன்றவற்றுக்குத் தரும் மானியத்தில், அமைப்பு பதிவாகி மூன்றாண்டாவது ஆகியிருக்க வேண்டும். தணிக்கை செய்த கணக்கு வேண்டும். இந்தக் கட்டத்தில் தவறினால், உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கப்போவதில்லை. எத்தனையோ நல்ல விழாக்கள் இந்த வாசலிலேயே நின்றுபோகின்றன.

அடுத்து நோக்கம். “இலக்கியத்தை வளர்ப்பதே எங்கள் இலட்சியம்” என்ற வரி எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். “நாற்பது மாணவர்கள் தங்கள் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிவந்த சொற்களை, எழுத்தாளர்கள் முன்னிலையில் படித்துப் பேசுவார்கள்” என்ற வரி உங்களுடையதில் மட்டுமே இருக்கும். ஏன் இந்த ஊரில், யாருக்காக, முடிந்தபின் என்ன மிஞ்சும் என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது.

மூன்றாவது, பட்ஜெட். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் பலர் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். அமைச்சகத் திட்டத்தில் மொத்தச் செலவில் 75 சதவீதம் வரைதான் கிடைக்கும். நான்கு லட்சம் ரூபாய் விழா என்றால் ஒரு லட்சத்தை நீங்கள் புரட்ட வேண்டும். அது எங்கிருந்து வரும் என்று காட்டவும் வேண்டும். “இதர செலவு 50,000” என்று மொட்டையாகப் போட்டால் சந்தேகம் வரும். பேச்சாளர் மதிப்பூதியம், பேருந்துக் கட்டணம், சாப்பாடு, ஒலிபெருக்கி வாடகை என்று பிரித்து எழுதினால் நம்பிக்கை வரும். நாற்பது மாணவர் வருவார்கள் என்று எழுதிவிட்டுச் சாப்பாட்டுக் கணக்கில் இருநூறு பேரைக் காட்டினால், மொத்த விண்ணப்பமும் ஆட்டம் காணும்.

கடைசியாக, உங்களால் நடத்த முடியுமா? முன்பு நடத்திய கூட்டங்களின் அழைப்பிதழ், புகைப்படம், பேச்சாளர்களின் சம்மதக் கடிதம் ஆகியவை இதற்குச் சான்று.

பல நாடுகளில் யாருக்கு மானியம் என்ற முடிவைக் கலைஞர்களிடமே விடுகிறார்கள். கனடா கலை மன்றம் எழுத்தாளர், கலைஞர் அடங்கிய குழுக்களைக் கொண்டு மதிப்பிடுகிறது. குழு எதுவானாலும், கையிலிருக்கும் பணம் எல்லோருக்கும் போதாது. நிராகரிப்பு வந்தால் விழா மோசம் என்று பொருளல்ல. சொன்ன விதத்தைச் சரிசெய்து மறுபடி போடலாம்.

அனுப்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வட்டத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் விண்ணப்பத்தைப் படிக்கக் கொடுங்கள். முதல் நாள் காலை பத்து மணிக்கு அந்த அரங்கில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்லிவிட்டால் அனுப்பலாம். தடுமாறினால் இன்னொரு தடவை எழுதுங்கள். விருத்தாசலத்தைப் பார்த்தேயிராத ஒருவர்தான் அதைப் படிக்கப்போகிறார்.