கேஜிஎஃப் தூசியில் கார் வைப்பர் சீக்கிரம் தேய்வது ஏன்? நீண்ட நாள் உழைக்க என்ன செய்யலாம்?

ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ இரவு முழுக்க நின்ற காரின் முன்கண்ணாடியை விரலால் தொட்டுப் பாருங்கள். காற்றுக் காலமாக இருந்தால் மெல்லிய தூள் ஒட்டும். அதைத் தள்ள உடனே வைப்பரைப் போடுகிறவரா நீங்கள்? இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

இந்தத் தூசியில் அப்படி என்ன இருக்கு?

கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. ஆனால் சயனைடு மேடுகள் இன்னும் நிற்கின்றன. தங்கம் கிடைத்தது குவார்ட்ஸ் பாறையில். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண்தான் அந்த மேடுகள்.

கனிமங்களின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. கண்ணாடிக்குச் சுமார் 5.5. கண்ணாடியைவிடத் தூசிதான் கடினம்! காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி.

இதில் ஆபத்து என்ன?

ரப்பர் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடியில் விழுந்த கீறல் போகாது. மழை இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் வெளிச்சம் அந்தக் கீறல்களில் சிதறிக் கண்ணைக் கூசும். 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி கண் மறைத்தால், 22 மீட்டர் தூரம் பார்க்காமலே ஓட்டியிருப்பீர்கள்.

எந்த பிளேடு வாங்கலாம்?

இரும்புச் சட்டம் வைத்த பழைய வகை விலை குறைவு. ஆனால் அதன் மூட்டுகளில் தூசி புகுந்து இறுகினால், அழுத்தம் ஒரே சீராக இருக்காது. சட்டமில்லாத ஃப்ளாட் வகையில் அந்த மூட்டுகளே இல்லை; தூசி ஊருக்கு அதுதான் பொருத்தம்.

சிலிக்கான் பிளேடு விலை கூடுதல். வெயிலையும் புற ஊதாக் கதிரையும் சாதாரண ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் மணலுக்கு முன்னால் எந்தப் பொருளும் ஒன்றுதான். 'ரொம்ப நாள் வரும்' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பிப் பராமரிப்பை விட்டுவிடாதீர்கள்.

டிரைவர் பக்கமும் அடுத்த பக்கமும் பல கார்களில் வேறு வேறு நீளம். கார் கையேட்டில் அளவையும் கொக்கி வகையையும் பார்த்து வாங்குங்கள்.

எப்படிப் பராமரிப்பது?

• முதலில் தண்ணீர், பிறகு வைப்பர். இந்த ஒரு பழக்கமே பாதி வேலையைச் செய்துவிடும்.
• வாரம் ஒருமுறை பிளேடைத் தூக்கி, ஈரத்துணியால் ரப்பர் விளிம்பைத் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்தால் போதும்.
• டீசல், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். ரப்பர் ஊறி உப்பிப்போகும்.
• வாஷர் டேங்க் காலியாக இருக்கக் கூடாது.
• முடிந்தவரை நிழலில் நிறுத்துங்கள்.

எப்போது மாற்றணும்?

சாதாரண ரப்பர் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வரும். துடைத்த பிறகும் கோடு விழுந்தால், கீச்சென்று சத்தம் கேட்டால், பிளேடு குதித்துக் குதித்துப் போனால், முதலில் கண்ணாடியையும் பிளேடையும் சுத்தம் செய்யுங்கள். அப்புறமும் அதேதான் என்றால் மாற்றிவிடுங்கள்.

நீங்களே மாற்றுவதானால் கண்ணாடி மேல் மடித்த துண்டு ஒன்றைப் போட்டுவையுங்கள். பிளேடு இல்லாத வைப்பர் கை ஸ்பிரிங் வேகத்தில் விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும்.

நிமிடத்துக்கு 45 முறை என்று வைத்தாலும், ஒரு மணி நேர மழையில் வைப்பர் 2,700 முறை போய்வருகிறது. கோடையெல்லாம் வெயிலில் காய்ந்த ரப்பரோடு முதல் மழையில் பெங்களூரு சாலைக்குப் போகாதீர்கள். மே மாதத்திலேயே ஒருமுறை தண்ணீர் அடித்து ஓட்டிப் பாருங்கள்.