பி.ஒய். 02 எந்த ஊர் வண்டி?

குழந்தைகளே, நாகூருக்கோ திருநள்ளாற்றுக்கோ போயிருக்கிறீர்களா? போகும்போது வண்டிகளின் நம்பர் பலகையைப் பாருங்கள். நம் தஞ்சாவூர் வண்டிக்கு 'டி.என். 49'. அந்தப் பக்கம் 'பி.ஒய். 02' என்று நிறைய வண்டிகள் ஓடும். வயல், வாய்க்கால், பேச்சு எல்லாம் நம் ஊர் மாதிரியேதான். ஆனால் அரசு வேறு! அதுதான் காரைக்கால். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது.

அட்லஸை எடுத்துப் பாருங்கள். கிழக்கே வங்காள விரிகுடா. மற்ற பக்கங்களில் எல்லாம் தமிழ்நாடு. நடுவே சுமார் 160 சதுர கிலோமீட்டர் நிலம். இது எப்படித் தனியாகப் போயிற்று?

அந்தக் காலத்தில் நம் டெல்டாவின் நெல்லுக்கும் துணிக்கும் ஐரோப்பிய வியாபாரிகளிடையே பெரிய போட்டி. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள். தஞ்சை மராட்டிய மன்னரின் ஆட்சியில் இருந்த காரைக்கால், 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. இடையிடையே ஆங்கிலேயர் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். 1947ல் நமக்குச் சுதந்திரம் வந்தபோதும் அங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற கிராமத்தில் புதுச்சேரி, காரைக்கால் மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆயிற்று.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். இந்தப் பிரதேசம் ஒரே இடத்தில் இல்லை, நான்கு துண்டு! புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் பேசும் ஊர்கள். மாஹி, கேரளத்துக்குள் அரபிக்கடல் ஓரம், சுமார் 9 சதுர கிலோமீட்டர்தான். அங்கே மலையாளம். ஏனாம், ஆந்திராவில் கோதாவரிக் கரையில். அங்கே தெலுங்கு. புதுச்சேரியிலிருந்து மாஹி சுமார் 650 கிலோமீட்டர், ஏனாம் சுமார் 840. மாற்றல் உத்தரவு என்றாலே எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். காரைக்காலில் இருப்பவருக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தால் எப்படி இருக்கும்!

பள்ளிப் பாடமும் ஒன்றாக இல்லை. நெடுங்காலம் மாஹிப் பிள்ளைகள் கேரளப் பாடமும், ஏனாம் பிள்ளைகள் ஆந்திரப் பாடமும், மற்றவர்கள் நம் தமிழ்நாட்டுப் பாடமும் படித்தார்கள். அண்மையில்தான் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின.

அந்தந்த ஊரைப் பக்கத்து மாநிலத்தோடு சேர்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வங்காளத்தில் இருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூரை அப்படித்தான் 1954ல் மேற்கு வங்கத்தோடு சேர்த்தார்கள். ஆனால் இந்த நான்கு ஊர்களின் நிலையை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும் என்று 1956ல் பிரான்சோடு செய்த ஒப்பந்தம் சொல்கிறது. ஆகவே இன்றும் தனியாகவே இருக்கின்றன. மக்கள் தேர்ந்தெடுக்கும் 30 எம்.எல்.ஏ.க்களில் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹிக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொன்று.

காரைக்காலுக்கு நம்மோடு ஒரு முக்கியமான உறவு உண்டு. தண்ணீர்! கும்பகோணம் பக்கம் ஓடும் அரசலாறு காவிரியின் கிளைதானே? அது காரைக்காலில்தான் கடலில் கலக்கிறது. காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு என்று 7 டி.எம்.சி. ஒதுக்கியிருக்கிறார்கள். அது காரைக்கால் வயல்களுக்காக. தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி.) 2018ல் உச்ச நீதிமன்றமும் அந்த ஏழை மாற்றவில்லை.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, நம் வயல்கள் குடித்த மிச்சம்தான் அங்கே போய்ச் சேரும். தண்ணீர் குறைந்த வருஷத்தில் கடைமடை வயல்தான் முதலில் வெடிக்கும். நம் கடைமடை விவசாயி நம் கலெக்டரிடம் மனு கொடுப்பார். காரைக்கால் விவசாயியின் குரல் புதுச்சேரி அரசுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கு வர வேண்டும். அதற்குள் நாற்று காத்திருக்குமா?