உங்களுக்குத் தெரியுமா? டப்பாவில் பாப்பா படம் கிடையாது!

பாளை மார்க்கெட் பக்கம் ஏதாவது ஒரு மெடிக்கலில் குழந்தைப் பால்பவுடர் டப்பாவை வாங்கித் திருப்பிப் பாருங்கள். கொழுகொழு குழந்தை படமோ தாயின் படமோ இருக்கக் கூடாது. போதாததற்கு, தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டப்பாவே சொல்லியாக வேண்டும்! 1992-இல் வந்த மத்தியச் சட்டம் போட்ட கட்டு இது. 2003-இல் இன்னும் இறுக்கினார்கள்: இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரமே கூடாது.

சட்டத்தில் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. மீறும் கம்பெனி மீது அதிகாரிகள் மட்டுமல்ல, அரசு அங்கீகரித்த தன்னார்வ அமைப்புகளும் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். தாய்ப்பாலூட்டலை ஊக்குவிக்க 1991-இல் தொடங்கிய பி.பி.என்.ஐ. (Breastfeeding Promotion Network of India) அப்படி அங்கீகாரம் பெற்ற அமைப்பு.

டப்பாவுக்குக் கட்டு போட்டால் மட்டும் போதாதே, தாய்மார்கள் பாலூட்ட இடமும் வேண்டுமே! தமிழக பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015 ஆகஸ்டில் வந்தன. உள்ளே ஃபேன் ஓடுகிறதா என்பது வேறு கதை.