ஆறு அரிக்கும் தீவில் மண் பிசையும் பெண்கள்

இந்தியாவின் வடகிழக்கே, அசாம் மாநிலத்தை ஊடறுத்துப் பாயும் பிரம்மபுத்திரா நதியின் நடுவே மாஜுலி என்றொரு தீவு இருக்கிறது. கடலிலே தீவுகளைக் கண்டு பழகிய எமக்கு, ஓர் ஆற்றின் நடுவே ஒரு முழு மாவட்டமே இருக்கிறதென்பது வியப்பான செய்திதான். 2016 ஆம் ஆண்டு மாஜுலி தனி மாவட்டமாக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய ஆற்றுத் தீவு என்று கின்னஸ் பதிவேட்டில் இடம்பிடித்ததும் அதே ஆண்டில்தான்.

ஜோர்ஹாட் நகருக்கு அண்மையிலுள்ள நிமாத்தி துறையில் படகேறினால் சுமார் ஒரு மணித்தியாலத்தில் கமலாபாரி துறையை அடையலாம். இறங்கியதும் கண்ணில் படுபவை நெல்வயல்களும் மூங்கில் காடுகளும் குளங்களில் இரை தேடும் கொக்கு, நாரைக் கூட்டங்களுமே.

பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மகான் சங்கரதேவரின் வைணவ நெறி இங்கே வேரூன்றியது. அதன் மடங்களைச் ‘சத்ரா’ என்கிறார்கள். இந்த மடங்களில் வளர்ந்த சத்ரியா நடனத்தை 2000 ஆம் ஆண்டு சங்கீத நாடக அகாதமி சாஸ்திரிய நடனமாக அங்கீகரித்தது. நெடுங்காலம் மடத்து ஆண்களே, பெண் வேடத்தையும் தாமே தாங்கி, ஆடிவந்த நடனம் அது. இன்று பெண்களும் அதைப் பயின்று மேடையேறுகிறார்கள். சாமகுரி சத்ராவில் மூங்கிலும் களிமண்ணும் சாணமும் துணியும் கொண்டு செய்யப்படும் முகமூடிகளுக்கு 2024 இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சுற்றுலாக் கைநூல்கள் பெரும்பாலும் மடங்களோடு நின்றுவிடுகின்றன. மாஜுலியின் அன்றாட வாழ்வைப் பார்க்க வேண்டுமாயின் மிசிங் பழங்குடியினரின் வீடுகளுக்குப் போகவேண்டும். வெள்ளத்துக்குத் தப்பவென மூங்கில் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய வீடுகள் அவை. வீட்டின் கீழே, நிழலில், தறி இருக்கும். சமையலும் வயல் வேலையும் முடிந்த பொழுதுகளில் பெண்கள் அங்கே அமர்ந்து நெய்கிறார்கள். ஆமணக்கு இலையை ஊட்டி வளர்க்கும் புழுவின் எண்டிப் பட்டும் இந்தத் தறிகளில் துணியாகிறது. ‘வீட்டு வேலை’ என்று எவரும் கணக்கில் எடுக்காத இந்த உழைப்பால் வீட்டுக்குக் காசும் வருகிறது.

சால்மோரா என்ற ஊரில் குயவர் குடும்பங்கள் வாழ்கின்றன. சில்லே இல்லாமல் பானை செய்வது இவ்வூரின் சிறப்பு. ஆண்கள் ஆற்றங்கரையைத் தோண்டிக் களிமண் எடுத்து வருவார்கள். பெண்கள் அதைப் பிசைந்து, கையாலேயே தட்டித் தட்டி வடிவம் கொடுப்பார்கள். பார்ப்பதற்கு இலகுவாகத் தெரியும். ஒரே அளவில் பத்துப் பானை செய்வது எத்தனை வருடப் பழக்கம் என்பது மண்ணில் கை வைத்தவர்களுக்குத்தான் புரியும். ஆறு அடித்துவரும் மரக்கட்டைகளே சூளைக்கு விறகு. வெந்த பானைகளைப் படகில் ஏற்றிச் சென்று நெல்லுக்கு மாற்றுவது பழைய வழக்கம்.

மண்ணையும் விறகையும் தரும் அதே ஆறுதான் தீவையும் தின்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,200 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமாக இருந்த மாஜுலியில் இன்று எஞ்சியிருப்பது அதில் பாதிக்கும் குறைவே. 1950 ஆகஸ்ட் 15 இல் ஏற்பட்ட பெரும் பூகம்பத்தில் மலைகள் சரிந்து, வண்டல் வந்து ஆற்றின் படுகையை உயர்த்தியது. அதன்பின் வெள்ளமும் கரையரிப்பும் கடுமையாகின. பல சத்ராக்கள் தீவை விட்டே இடம்பெயர்ந்தன. வெள்ளம் வடிந்தால் வயல் மிஞ்சும். அரிப்பிலோ வயலே இல்லாமற் போகிறது. நிலமிழந்த குடும்பங்கள் அணைக்கரைகளில் குடிசை போடுகின்றன. குடிநீர் தேடுவதும் பிள்ளைகளை ஆற்றிலிருந்து காப்பதும், தறியைக் கழற்றி வேறிடத்தில் பூட்டுவதும் பெண்களின் தலையில்தான் விழுகின்றன.

கரையைத் தோண்டினால் அரிப்பு கூடும் என்று கூறி, சால்மோராவில் மண் எடுக்க அதிகாரிகள் கட்டுப்பாடு விதித்தனர். கரையைக் காக்கவேண்டியது அவசியமே. ஆனால் மலையிலிருந்து இறங்கும் பெருவெள்ளத்தின் முன்னே மண்வெட்டியால் தோண்டும் குழி எவ்வளவு? மாற்றுக் களிமண்ணுக்கு வழி காட்டாமல் தடை விதித்தால் பானை செய்யும் பெண் எதைப் பிசைவாள்?

மாஜுலிக்குப் போக விரும்புவோருக்கு நவம்பர் முதல் மார்ச் வரையான காலமே உகந்தது. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் ராஸ் விழாவில் கண்ணன் கதைகளை இரவிரவாக ஆடுவார்கள். அந்த நாட்களில் தங்குமிடம் கிடைப்பது கடினம். முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். துணியோ பானையோ வாங்குவதாயின் நெய்தவளிடமே, செய்தவளிடமே வாங்குங்கள். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசவேண்டாம்.