மீள அழைக்கப்படும் மோட்டார்க் கார்கள்



"வந்து அதிபரைக் காணவும்" என்று பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தால், பிள்ளை ஏதோ குற்றஞ் செய்துவிட்டான் என்றே பெற்றோர் முதலில் எண்ணுவர். மோட்டார்க் கார்களைத் தயாரிப்போர் தாம் விற்ற வண்டிகளை மீள அழைக்கும்போதும், அவற்றை உடையவர்கள் இவ்வாறே எண்ணிக்கொள்கின்றனர். தம் வண்டிக்கு இழுக்கு வந்துவிட்டது, இனி விலை போகாது என்று அஞ்சிச் செய்தியை மறைப்பாரும் உளர். மீள அழைத்தலாவது, தாம் விற்ற பொருளில் உயிருக்கு ஊறு விளைக்கத்தக்க குறை ஒன்று உண்டென்பதைத் தயாரித்தவரே ஒப்புக்கொண்டு, தம் செலவில் அதனைத் திருத்தித் தருவதாகும். குறை செய்தவருடையது, வாங்கியவருக்கு அதில் நாணம் எதற்கு?

யாழ்ப்பாணத்தவர்க்குக் காரைப் பேணுதல் புதிய கலையன்று. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் எம் வீதிகளில் இன்றும் ஓடுவதைக் காண்கிறோம். 1990களில் பெற்றோல் கிடையாதிருந்த நாட்களில், சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. அக் கார்களில் மறைபொருள் ஒன்றுமில்லை. மூடியைத் திறந்தால் குறை கண்ணுக்குத் தெரியும். தெரியாவிடின் காதுக்குக் கேட்கும். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட குறையோ கண்ணுக்குந் தெரியாது, காதுக்குங் கேளாது. அது சுக்கானின் நடுவிலும் முன்னாசனத்துக்கு எதிரேயுள்ள பலகையிலும் மடித்து வைக்கப்பட்டிருக்கும் காற்றுப்பையைப் பற்றியது.

கார் எதிலேனும் கடுமையாக மோதும்போது, ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கு அளவான நேரத்தில் இப் பை விரிந்து முகத்தையும் மார்பையும் தாங்குகின்றது. இதனை ஊதுவது வெறுங் காற்றன்று. ஓர் உருக்குக் கலத்தினுள் வில்லைகளாக அழுத்தி வைத்த மருந்து எரிந்து வாயுவாகிப் பையை நிரப்புகின்றது. டகாட்டா என்னும் ஜப்பானிய நிறுவனம் 2000ஆம் ஆண்டையொட்டி இம் மருந்துக்கு அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தத் தொடங்கியது. பயிருக்கு உரமாகவும், கல்லுடைக்கும் வெடியாகவும் உலகம் அறிந்த பொருள் இது. ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு.

குட்டானில் கிடக்கும் பனங்கட்டியை நினைத்துப் பாருங்கள். மாரி காலத்தில் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிகிறது. வெயில் வந்ததும் காய்கிறது. இவ்வாறு பலமுறை நிகழ்ந்தபின் அதன் பழைய இறுக்கம் போய்விடுகிறது. இம் மருந்து வில்லைக்கும் ஏறக்குறைய இதுவே நேர்கின்றது. பகல் வெப்பமும் இரவுக் குளிரும் ஈரமும் பல்லாண்டு மாறிமாறித் தாக்க, வில்லை துளைபட்டுப் பொடியாகத் தலைப்படுகின்றது. கட்டையினும் மரத்தூள் விரைந்து எரியும் என்பது நாம் அறிந்ததே. பொடிந்த மருந்து அளவுக்கு மீறிய விரைவில் எரிய, உருக்குக் கலமே வெடித்துச் சிதறி, அதன் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு அமர்ந்திருப்பவர்மீது பாய்கின்றன. காக்க வைத்த பொருளே தாக்குகின்றது.

2008ஆம் ஆண்டு நவம்பரில் ஹொண்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 கார்களை இதன்பொருட்டு மீள அழைத்தது. அத்தொகை பெருகிப் பெருகி உலகமெங்கும் 10 கோடி அளவான ஊதுகலங்களைத் தொட்டது. 2014இல் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், குறைந்த வேகத்தில் நிகழ்ந்த ஒரு மோதலில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இத்தகைய துண்டினால் உயிரிழந்தார். டகாட்டா 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தன் மோசடியை ஒப்புக்கொண்டு, அவ்வாண்டே வங்குரோத்து நிலையை அடைந்தது. அமெரிக்க அரசு இவ் விடயத்தை ஆராய்ந்தபோது நாட்டை வெப்பமும் ஈரமும் கொண்டு பகுதி பிரித்து, புளோரிடா, ஹவாய் போன்ற இடங்களுக்கே முதன்மை அளித்தது. கடலும் நீரேரியும் சூழ்ந்த எங்கள் குடாநாடு அத்தகைய இடங்களோடு வைத்து எண்ணத்தக்கது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இனி, தயாரித்தவர் அழைத்தும் அவ்வழைப்பு எம்மை வந்து சேராதது ஏன் என்பதைப் பார்ப்போம். போர் முடிந்து 2009இல் ஏ9 வீதி திறந்தபின் இங்கு வந்து நிறைந்த கார்களுட் பல, ஜப்பானில் பிறர் ஓட்டி விட்டவை. தனியார் இறக்குமதி செய்தவற்றை நாட்டிலுள்ள முகவர் விற்கவில்லை. ஆகவே யாரிடம் இருக்கின்றன என்று அவர் அறியார். பின்னும் எம்மவரிடையே ஒரு வழக்கமுண்டு. கைச்சாத்திட்ட படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பெயரை மாற்றாமலே வண்டியை ஓட்டுவது. 'ஓப்பின் பேப்பர்' என்பார்கள். என் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் கார் அவருக்கு முன் நால்வர் கைமாறியது. பதிவோ காலியிலுள்ள ஒருவர் பெயரில் இருந்தது. யாரேனும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தாலும் அது காலிக்கே போயிருக்கும். தம் சிறு மகளை நாள்தோறும் முன்னாசனத்தில் இருத்திப் பாடசாலைக்கு வந்தவர் அவர். தற்செயலாக இலக்கத்தைக் கொடுத்து விசாரித்தபோது, அந்த ஆசனத்துக்கு எதிரேயுள்ள பையே மீள அழைக்கப்பட்டதென அறிந்தார். அன்று பிற்பகல் ஆசிரியர் அறையில் அவர் பேசாதிருந்த இருப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆதலின் முதற் காரியம், பதிவுச் சான்றிதழை எடுத்து அதிலுள்ள அடிச்சட்ட இலக்கத்தைக் குறித்துக்கொள்வது. கராஜில் 'செசி நம்பர்' என்பது இதனையே. ஜப்பானில் ஓடுவதற்கென்று செய்த கார்களில் இது சில எழுத்தும் எண்ணும், ஒரு சிறு கோடு, அதன்பின் ஆறு அல்லது ஏழு இலக்கம் என்றவாறு அமையும். அமெரிக்க இணையத்தளங்கள் 17 குறிகள் கொண்ட இலக்கத்தையே கேட்பன. அங்கே தேடி ஒன்றுங் காணாமல் "என் காருக்குக் குறையில்லை" என்று ஆறுதலடைந்துவிடக் கூடாது. டொயோட்டாவாயின் டொயோட்டா லங்கா நிறுவனத்திடமும், ஹொண்டாவாயின் ஸ்ராஃபோர்ட் மோட்டர் நிறுவனத்திடமும், ஏனையவற்றுக்கு அவ்வவற்றின் முகவரிடமும் இவ் விலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள். கொரோலா, விட்ஸ், ஹொண்டா ஃபிற், சிவிக் முதலியவற்றிற் சில ஆண்டுகளின் வண்டிகள் இவ் வழைப்பில் அடங்கும். ஒருமுறை "இல்லை" என்ற விடை வந்தாலும் ஓராண்டு கழித்து மறுபடியுங் கேட்க வேண்டும். பட்டியல் பலமுறை விரிந்ததுண்டு. முன்னர் மாற்றிய வண்டிகளிலும், தற்காலிகமாக அதே வகைக் கலமே பூட்டப்பட்டு, மீண்டும் மாற்ற வேண்டியவை இருந்தன.

குறையுண்டென்று தெரிந்தால், திருத்தும் நாளைக் குறித்து வாங்குங்கள். செலவு யாருடையதென்பதையும் அப்போதே கேட்டுத் தெளிதல் நன்று. திருத்தும்வரை அந்தப் பக்கத்து முன்னாசனத்தில் ஒருவரையும் இருத்த வேண்டாம். ஓட்டுநர் பக்கத்துப் பையாயின் வண்டியை வீட்டிலே நிறுத்திவிடுவதே முறை. முன்பலகையிற் காற்றுப்பை விளக்கு எரியவில்லையே என்பாருமுண்டு. அவ் விளக்கு மின்னிணைப்பின் பழுதைக் காட்டுமேயன்றி, மருந்து பொடிந்ததைக் காட்டாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் மெக்கானிக்குகள் கைவல்லவர்கள். மண்ணெண்ணெயில் காரை ஓட வைத்தவர்களிடம் ஐயம் எனக்கில்லை. ஆயினும் ஊதுகலத்தைக் கழற்றுவது வெடிமருந்தைக் கையாளுவது; அதற்கெனப் பயின்றவர் செய்ய வேண்டியது. உடைத்த கார்களிலிருந்து எடுத்த பையை மலிவாக வாங்கிப் பூட்டுவதும் ஆகாது. அதே குறையுள்ள கலம் அவ்வழியாலும் வரலாம். ஆசனப்பட்டியை ஒருபோதும் விடலாகாது. சுக்கானுக்கும் மார்புக்கும் இடையே 25 சென்ரிமீற்றர் வெளியாவது இருத்தல் வேண்டும்.

அவுஸ்திரேலியா 2018இல் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை மீள அழைப்பதைக் கட்டாயமாக்கிற்று. பேராபத்தான பைகளை மாற்றாத வண்டிகளுக்கு அங்குள்ள மாநிலங்கள் பதிவு மறுத்தன. இங்கே ஆண்டுதோறும் வருமான உத்தரவுப் பத்திரம் பெறக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் கேட்கிறார்கள். அடிச்சட்ட இலக்கத்தையும் ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அத்துணைக் கடினமான காரியமாக எனக்குத் தோன்றவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு முதல் 2025வரை கார் இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், பழைய வண்டிகளே விலையேறி எம்மிடையே நிலைத்துவிட்டன. வாங்குவோர் பெயர்மாற்றத்தை உடனே செய்து முடித்தல் இதற்காகவும் வேண்டும்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வாங்கி, வளவிற் சீலையால் மூடி நிறுத்தியிருக்கும் கார்களும் பல. ஓடாத வண்டியிலும் அம் மருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் ஏற்றுப் பழுதடைந்துகொண்டே இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் மகனோ மருமகனோ சாவியைக் கேட்குமுன், வீட்டிலிருப்போர் அவ் விலக்கத்தை விசாரித்து வைத்தால், பிள்ளைகளை முன்னாசனத்தில் ஏற்றலாமா என்பதற்கு விடை கையில் இருக்கும்.