வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஏன் கேட்பதில்லை? அதையே மாற்றியமைத்தால்?

பூந்தமல்லி கடைத்தெருவில் பூக்காரம்மா நீளச் சரத்தை முழம் போட்டு நறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கொரோனா வைரசும் தன் புரதங்கள் பலவற்றை முதலில் நீளச் சரமாகவே கட்டுகிறது. ‘புரோட்டியேஸ்’ என்ற நொதிதான் கத்தரிக்கோல். சரத்தைத் துண்டு போடும். கத்தரி நின்றால் வைரஸ் பெருகாது.

பெனிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு இங்கே என்ன வேலை?

பெனிசிலின் மூலக்கூறின் நடுவே நான்கு அணுக்களாலான சிறு வளையம், வளைத்துப் பிடித்த ஈர்க்குச்சி போல விறைப்பாக இருக்கிறது. பாக்டீரியாவின் சுவர் கட்டும் நொதி தொட்டதும், வளையம் படீரென விரிந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். சுவர் எழும்பாது, பாக்டீரியா சாகும். வைரசுக்கோ அந்தச் சுவரே கிடையாது!

அந்த ஒட்டும் குணத்தைக் கத்தரிக்கோல் பக்கம் திருப்பினால்?

ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் வளையத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஓரங்களை மட்டும் மாற்றினார்கள். அப்படி மாற்றிய சில பெனிசிலின்கள் கத்தரியின் வெட்டும் இடத்திலேயே ஒட்டி, அதை முடக்கின. 2022இல் அந்த ஆய்வு வெளியானது.

இது ஆய்வுக்கூட வெற்றி; மருந்தாக இன்னும் பல படிகள் ஏற வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் ஆன்டிபயாடிக் சளிக்காய்ச்சல் வைரசை அழிக்காது. டாக்டர் எழுதித் தராமல் வாங்காதீர்கள்.